தள்ளி உட்காரத் தெரிந்தவர்

(‘2009-இல் பார்சிலோனா கால்பந்துக் கழகம் செய்த ஆட்டக்காரர் மாற்றம் — லாபமே! நட்டமே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘நட்டமே’ அணியில் பேசியது.)

 

நடுவர் அவர்களே, தலைப்பைச் சொன்னதும் முன்வரிசைத் தாய்மார்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். “ஸ்பெயின் நாட்டுல எவனோ பந்தை உதைக்கிறான். அவனைக் கொடுத்து இவனை வாங்கினா நமக்கு என்ன?” என்று அந்தப் பார்வை கேட்டது. அம்மா, உங்களுக்குத்தான் இந்தத் தலைப்பு நன்றாகப் புரியும்! மாற்று வியாபாரம் நமக்குப் புதிதா? சங்க காலத்து உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம் தெருவிலேயே ஒருவர் வருவாரே, “பழைய துணிக்குப் பாத்திரம்!” என்று. அந்த மனிதர் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றட்டும், நம் தாய்மார்களை ஏமாற்ற முடியுமா? (சிரிப்பு)

அவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். ஒன்று, கொடுக்கிற புடவையில் இன்னும் உயிர் இருக்கிறதா? இரண்டு, வாங்குகிற பாத்திரம் கனமானதா? மூன்று, அந்தப் பாத்திரம் நம்ம வீட்டு அடுப்புக்குச் சரிப்பட்டு வருமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் புடவை திண்ணைக்கே வரும். நடுவர் அவர்களே, கோடிக்கணக்கில் பணம் புழங்குகிற பார்சிலோனா கழகம் இந்த மூன்று கேள்வியையும் ஒழுங்காகக் கேட்டதா என்பதுதான் என் வழக்கு.

என்ன நடந்தது என்று ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலை மாதம். பார்சிலோனாவில் சாமுவேல் எட்டோ என்ற முன்கள ஆட்டக்காரர், கேமரூன் நாட்டுக்காரர். இத்தாலியில் மிலான் நகரத்து இன்டர் கழகத்தில் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச், சுவீடன் நாட்டுக்காரர். பார்சிலோனா எட்டோவைக் கொடுத்தது, இப்ராஹிமோவிச்சை வாங்கியது. ஆளுக்கு ஆள் கொடுத்தார்களே, அதோடு நின்றார்களா? மேலே 4 கோடியே 60 லட்சம் யூரோ பணமும் கொடுத்தார்கள். ரூபாய் இல்லை ஐயா, யூரோ! அன்றைய மதிப்பில் முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல். புடவையையும் கொடுத்து, மேலே பணமும் கொடுத்துப் பாத்திரம் வாங்கிய வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

முதல் கேள்விக்கு வருகிறேன். கொடுத்த புடவையில் உயிர் இருந்ததா?

எட்டோ 2004-இல் பார்சிலோனாவுக்கு வந்தவர். 2006-இல் பாரிஸ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பார்சிலோனா ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. சமன் செய்த கோல் எட்டோ போட்டது. 2009 மே 27, ரோம் நகரில் மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரே மான்செஸ்டர் யுனைடெட். பத்தாவது நிமிடத்தில் முதல் கோல், அதுவும் எட்டோ போட்டது. அந்தப் பருவத்தில் ஸ்பெயின் லீக்கில் மட்டும் அவர் போட்டது 30 கோல். லீக் பட்டம், மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று பெரிய கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஸ்பெயின் கழகம் என்ற பெருமை பார்சிலோனாவுக்குக் கிடைத்தது. இது மே மாதம். ஜூலை மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள்! நல்ல பட்டுப்புடவை ஐயா, கட்டிக்கொண்டு போய்க் கல்யாணத்தில் எல்லோரும் பாராட்டிவிட்டு வந்த புடவை. அடுத்த மாதமே பாத்திரக்காரரிடம் போட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்?

எதிரணித் தலைவர் நல்ல வாதம் ஒன்று வைத்தார். அதை நான் மறைக்க மாட்டேன். “எட்டோவுக்கு ஒப்பந்தம் இன்னும் ஓர் ஆண்டுதான் பாக்கி. அப்படியே விட்டிருந்தால் 2010-இல் காசில்லாமலே போயிருப்பார். பயிற்சியாளர் குவார்டியோலாவுக்கும் அவருக்கும் மனம் ஒட்டவில்லை. ஒட்டாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று கேட்டார். உண்மைதான். எட்டோ சாது இல்லை, ரோஷக்காரர். 2008-இல் பொறுப்பேற்ற அன்றே குவார்டியோலா, “என் திட்டத்தில் எட்டோ இல்லை” என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் நண்பரே, அப்படிச் சொன்ன பிறகும் அந்த ஆள் இருந்து, ஆடி, 30 கோல் போட்டுக் கொடுத்தாரா இல்லையா? “நீ வேண்டாம்” என்று சொன்ன வீட்டில் இருந்துகொண்டே அந்த வீட்டுக்குக் கோப்பை மேல் கோப்பை சேர்த்தவரை மனம் ஒட்டாதவர் என்றால், ஒட்டியவர்கள் எப்படி இருப்பார்களாம்? (கைதட்டல்)

இரண்டாவது கேள்வி. வாங்கிய பாத்திரம் கனமானதா?

இதில் நான் எதிரணியோடு சண்டைக்கு வரமாட்டேன். கனம்தான்! முந்திய பருவத்தில் இத்தாலி லீக்கில் 25 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் இப்ராஹிமோவிச். ஏறத்தாழ ஆறடி ஐந்தங்குல உயரம், ஆனால் காலில் நாட்டியக்காரியின் நளினம். பார்சிலோனா மைதானத்தில் அவரை அறிமுகப்படுத்திய நாளில் பல்லாயிரக்கணக்கானவர் திரண்டார்கள். ஆட்டம்கூட இல்லை, சும்மா பார்க்க! வந்தவர் சும்மாவும் இருக்கவில்லை. முதல் ஐந்து லீக் ஆட்டத்திலும் ஆளுக்கு முந்திக் கோல். நவம்பரில் பரம எதிரி ரியல் மாட்ரிடுக்கு எதிராகப் பதில் ஆட்டக்காரராக இறங்கி, அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். பருவம் முடியும்போது எல்லாப் போட்டியும் சேர்த்து 21 கோல். அதே பருவத்தில் இன்டருக்கு எட்டோ போட்டது 16 கோல்தான்.

இந்தக் கணக்கைத்தான் எதிரணி அம்மையார் தூக்கிப் பிடித்தார்கள். “21 பெரிதா, 16 பெரிதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லுமே!” என்று கேட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதனால்தான் அந்தப் பிள்ளையைக் குடும்பம் நடத்தச் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்! (பலத்த சிரிப்பு)

மூன்றாவது கேள்விக்கு வாருங்கள். நம்ம வீட்டு அடுப்புக்கு அந்தப் பாத்திரம் சரிப்பட்டதா? வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

நடுவர் அவர்களே, நம் ஊர் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது ஆள் வந்து, “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்பார். சில பேர் நம்மையே விற்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வார்கள். சில பேர் சட்டென்று தள்ளி உட்காருவார்கள். அப்படித் தள்ளி உட்காருகிறவர் இருந்தால்தான் அது மூன்று பேர் இருக்கை. இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு மட்டும்தான்!

அன்றைக்குப் பார்சிலோனாவில் ஓர் இளைஞர் எழும்பிக் கொண்டிருந்தார், லயனல் மெஸ்ஸி. வலது ஓரத்தில் ஆடியவர். அவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் எதிரிகளால் பிடிக்க முடியாது என்று குவார்டியோலா கண்டுகொண்டார். ஆனால் நடுவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே! யார்? எட்டோ. 2009 மே 2-ஆம் தேதி, மாட்ரிட் நகரில், ரியல் மாட்ரிடின் சொந்த மைதானத்தில் ஆட்டம். மெஸ்ஸி நடுவுக்கு வந்தார். எட்டோ வலது ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தார். முடிவு என்ன தெரியுமா? ஆறுக்கு இரண்டு! அடுத்து ரோம் இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடத்திலேயே அதே மாற்றம், மெஸ்ஸி நடுவே, எட்டோ வலது ஓரம். நான் சொன்னேனே பத்தாவது நிமிட கோல், அது அந்த ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து போட்டது. தள்ளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கோல் போட்ட மனிதர் ஐயா!

அவர் இடத்துக்கு வந்த இப்ராஹிமோவிச் எப்படிப்பட்டவர்? நடுவில் நின்றால் மலை. பந்து அவரைத் தேடி வரவேண்டும். அவரைச் சுற்றி ஆட்டம் நடக்கவேண்டும். அது அவர் குற்றமில்லை, அவர் இயல்பு அது. ஆனால் மெஸ்ஸிக்கும் நடுவிடம் வேண்டும். ஒரு ஜன்னல், இரண்டு பேர்! பருவம் போகப் போக மெஸ்ஸி நடுவுக்கு வந்தார், எல்லாப் போட்டியும் சேர்த்து 47 கோல் போட்டார். மலையை எங்கே நகர்த்துவது? மலை பெஞ்சில் உட்கார்ந்தது. பின்னால் தன் வாழ்க்கை வரலாற்றில் இப்ராஹிமோவிச் தன்னை ஃபெராரி காரோடு ஒப்பிட்டு, தன்னைச் சாதாரணக் கார் போல ஓட்டிவிட்டார்கள் என்று மனம் நொந்தார். அவர் சொன்னது நியாயம்தான். ஃபெராரி நல்ல கார்தான். ஆனால் நாம் குடியிருப்பது ஒரு சந்து என்றால், வாங்கும்போதே அதை யோசிக்க வேண்டாமா? திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று ஆராய்வதற்கு வள்ளுவர் தனியாகப் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். விலையைப் பார்த்து ஆளை எடு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

இனி 2010 ஏப்ரல். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பார்சிலோனாவுக்கு எதிரே யார்? விதி சிரிக்கும் என்பார்களே, அதே இன்டர்! இறுதி ஆட்டம் எங்கே? ரியல் மாட்ரிடின் மைதானத்தில். எதிரி வீட்டு முற்றத்திலேயே கோப்பையைத் தூக்கலாம் என்று பார்சிலோனா ரசிகர்கள் ராத்தூக்கமில்லாமல் காத்திருந்தார்கள்.

முதல் ஆட்டம் மிலான் நகரில். இன்டர் மூன்று, பார்சிலோனா ஒன்று. இன்டரின் முதல் கோலைப் போட்டவர் வெஸ்லி ஸ்னைடர். அவர் யார்? இந்த வியாபாரத்தில் பணம் கைக்கு வந்த பிறகு, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யூரோவுக்கு இன்டர் வாங்கிய ஆள்! நாம் கொடுத்த காசிலேயே தடி வாங்கி நம்மையே அடித்தார்கள். (சிரிப்பு) எதிரணி நண்பர் இதற்கு ஒரு சமாதானம் சொன்னார். “ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது, விமானம் ஓடவில்லை, பார்சிலோனா ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலே மிலான் போய்ச் சேர்ந்தார்கள், அதனால் களைப்பு” என்றார். எரிமலை வெடித்தது உண்மை. பஸ் பயணமும் உண்மை. ஆனால் எட்டோவை விற்றது எரிமலையா?

இரண்டாவது ஆட்டம் ஏப்ரல் 28, பார்சிலோனாவில். அரைமணி ஆவதற்குள் இன்டரின் தியாகோ மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. இன்டர் பத்துப் பேர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்துப் பேராகத் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் ஓரத்தில், தன் கோல் எல்லைக்குப் பக்கத்தில், தடுப்பாட்டக்காரரைப் போல ஓடி ஓடிப் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தது யார்? லீக்கில் 30 கோல் போட்ட அந்த எட்டோ! “நான் கோல் போடப் பிறந்தவன், என்னைப் போய்க் காவல் நிற்கச் சொல்வதா?” என்று கேட்கவில்லை. தன் பழைய வீட்டு வாசலில், பழைய ரசிகர்கள் கண்முன்னால், புதிய வீட்டுக்காகத் தள்ளி உட்கார்ந்தார்.

இந்தப் பக்கம்? எதிரணியின் இன்னொரு வாதம் நினைவிருக்கிறதா? “கோட்டை கட்டித் தடுக்கிற அணிகளை உடைக்க உயரமான ஆள் வேண்டும் என்றுதான் இப்ராஹிமோவிச்சை வாங்கினார்கள்” என்றார்கள். சரி, இதோ கோட்டை கட்டிவிட்டார்கள். உயரமான ஆள் என்ன செய்தார்? இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோலும் இல்லை. இரண்டிலும் முடிவுக்கு முன்னாலேயே வெளியே அழைத்துவிட்டார்கள். கடைசியில் 84-ஆம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. போட்டது யார்? ஜெரார்ட் பிக்கே. அவர் தடுப்பாட்டக்காரர், முன்னால் ஏறி வந்து போட்டார். அவர் உயரம் என்ன? இப்ராஹிமோவிச்சின் உயரம்தான், அரை அங்குலம் முன்னே பின்னே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது மட்டுமில்லை நடுவர் அவர்களே, அந்த நெய்க்கு முந்நூறு கோடியும் கொடுத்தார்கள்! (கைதட்டல்)

மொத்தக் கணக்கில் மூன்றுக்கு இரண்டு. பார்சிலோனா வெளியேறியது. மே 22-ஆம் தேதி மாட்ரிட் நகரில் இன்டர் கோப்பையைத் தூக்கியது. 1965-க்குப் பிறகு 45 ஆண்டு காத்திருந்த கோப்பை. இத்தாலி லீக், இத்தாலிக் கோப்பையோடு சேர்த்து அவர்களுக்கும் மூன்று. அடுத்தடுத்த இரண்டு பருவத்தில், இரண்டு வெவ்வேறு கழகத்தோடு மூன்று கோப்பையும் வென்றவர் எட்டோ. சாம்பியன்ஸ் லீக் கோப்பைக்கு ஏங்கி இன்டரை விட்டு வந்த இப்ராஹிமோவிச்சுக்கோ, 2023-இல் ஓய்வு பெறும் வரை அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. அவர் விட்டுவிட்டு வந்த வீட்டுக்கு மறு வருஷமே அது வந்து சேர்ந்தது!

“அந்தப் பருவத்தில் பார்சிலோனா 99 புள்ளி எடுத்து லீக் பட்டம் வென்றதே!” என்கிறார்கள். வென்றது, மறுக்கவில்லை. எட்டோ இருந்த முந்திய பருவத்தில் எடுத்தது 87 புள்ளி. ஆனால் அந்த 87-க்கு மூன்று பெரிய கோப்பை, இந்த 99-க்கு அதில் ஒன்று. மதிப்பெண் கூடிவிட்டது, பாஸானது ஒரு பாடத்தில்!

“நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் ஞானியாகலாம்” என்று எதிரணித் தலைவர் முடித்தார். நியாயமான வாதம். அதனால்தான் நான் 2010-ஐ மட்டும் வைத்து வாதாடவில்லை. எட்டோ தள்ளி உட்கார்ந்து ஜெயித்துக் கொடுத்தது மே 2, மே 27. வியாபாரம் நடந்தது ஜூலையில். சாட்சி முன்னாலேயே கண்ணெதிரே இருந்தது ஐயா. கோலை எண்ணிய கண்ணுக்கு அந்தத் தள்ளி உட்கார்ந்தது தெரியவில்லை.

நடுவர் மணி மேல் கை வைக்கிறார். ஒரே ஒரு சாட்சியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பார்சிலோனாவே சொன்ன சாட்சி.

2010-இல் அவர்கள் டேவிட் வில்லாவை 4 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள். இப்ராஹிமோவிச்சை ஏ.சி. மிலானுக்கு அனுப்பினார்கள். பேசிய விலை 2 கோடியே 40 லட்சம். வில்லா யார்? வலென்சியா அணியில் நடுவில் நின்று கோல் மழை பொழிந்தவர். பார்சிலோனாவுக்கு வந்து எங்கே ஆடினார்? இடது ஓரத்தில்! நடுவிடத்தை மெஸ்ஸிக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். 2011 இறுதி ஆட்டத்தில் கோலும் போட்டார், கோப்பையும் வந்தது. எதிரணியினர் இதை “எல்லாம் நன்மைக்கே” என்று காட்டினார்கள். நான் கேட்கிறேன், தள்ளி உட்காரத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அவரைப் பணமும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதே குணமுள்ள இன்னொருவரை மறுபடியும் 4 கோடி கொடுத்து வாங்கினால், முதல் வியாபாரம் லாபமா, நட்டமா?

தாய்மார்களே, இது ஸ்பெயின் கதை மட்டும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு அலுவலகத்திலும் ஓர் எட்டோ இருக்கிறார். தங்கை படிக்கட்டும் என்று வேலைக்குப் போன அண்ணன். பிள்ளைக்குப் பரீட்சை என்று தன் வேலையை ராத்திரிக்குத் தள்ளி வைத்த அம்மா. புதிதாக வந்தவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிற பழைய குமாஸ்தா. அவர்கள் போட்ட கோலை நாம் எண்ணுகிறோம். அவர்கள் விட்டுக் கொடுத்த இடத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. அவர்கள் எழுந்து போன மறுநாள்தான் இருக்கையில் எத்தனை பேர் உட்கார முடியவில்லை என்று தெரிகிறது.

ஆகவே நடுவர் அவர்களே, வாங்கிய பொருள் மட்டம் என்பதற்காக நான் நட்டம் என்று சொல்லவில்லை. கொடுத்த பொருளின் அருமை தெரியாமல் கொடுத்தார்கள், அதனால் நட்டம். அந்த அருமை தெரிந்துகொள்ள ஒரு கோப்பையையும், ஓராண்டையும், கோடிக்கணக்கான பணத்தையும் செலவழித்தார்கள், அதனாலும் நட்டம். எனவே, 2009-இல் பார்சிலோனா செய்த அந்த மாற்றம் நட்டமே, நட்டமே என்று தாங்கள் தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அடுத்துப் பேச வருகிறவருக்கு இந்த ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி உட்காருகிறேன். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)